கைதுக்கு மட்டும் ஊரடங்கு இல்லை

2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. கரோனா ஊரடங்கைக் காரணம் காட்டி, உரிய நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாமல் ஒருவரைத் தொடர்ந்து சிறையில் வைத்திருக்க முடியாது என்பது அதன் சாரம். அதே நாள் மாலை தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்குப் பிறகும் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி, வணிகர் ஜெயராஜைப் போலீஸார் அழைத்துப் போனார்கள். அப்பாவைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் சிக்கிக்கொண்டார். மறுநாள் ரிமாண்ட், சுமார் 100 கி.மீ. தள்ளி கோவில்பட்டி கிளைச் சிறை. ஜூன் 22 இரவு மகன் இறந்தார், 23 காலை அப்பா.

தொற்றுக் காலத்தில் நம் குற்றவியல் நீதி எப்படி நடந்தது என்பதற்கு இந்த ஒரு நாள் போதும். மேலே, தனிமனித உரிமையைக் காக்கும் தீர்ப்பு. கீழே, காயப்பட்டு நின்ற இருவரை யாரும் சரியாகப் பார்க்காமல் சிறைக்கு அனுப்பிய ரிமாண்ட். அந்தத் தீர்ப்புக்கும் இந்த ரிமாண்டுக்கும் நடுவே எத்தனையோ ஆயிரம் வழக்குகள் அசையாமல் கிடந்தன.

ஊரடங்கில் நீதிமன்றங்கள் முடங்கின என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மை. முடங்கியவை சாட்சி விசாரணையும் தீர்ப்பும். எப்.ஐ.ஆர்., கைது, ரிமாண்ட் மூன்றும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. வழக்குக்குள் நுழையும் வாசல் திறந்தே கிடந்தது. வெளியே வரும் வாசலைத்தான் சாத்தினோம். இது கிருமி செய்த வேலை அல்ல, நாம் வகுத்த முன்னுரிமை. அதனால் மாற்றவும் முடியும்.

காரமடையிலிருந்து பார்த்தால்

டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்த்தால் இது தெரியாது. காரமடை போன்ற ஊரிலிருந்து பார்க்க வேண்டும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம் தாண்டினால் காரமடை. அரங்கநாதர் கோயிலும் மாசித் தேரும் ஊருக்கு அடையாளம். வாழையும் கறிவேப்பிலையும் சுற்றுவட்டாரத்தின் பிழைப்பு. இங்குள்ள காவல் நிலையத்தில் பதிவாகிற வழக்குக்கு மேட்டுப்பாளையம் போக வேண்டும். கொலை, வன்கொடுமை, போக்சோ என்றால் கோவை. ஆளைச் சிறையில் பார்க்க வேண்டுமென்றால் காந்திபுரம் மத்திய சிறை. வழக்கு என்றாலே இந்த ஊர்க்காரர்களுக்குப் பாதி வேலை பயணம்தான்.

2020 மார்ச் இறுதியில் அந்தப் பயணம் அறுந்தது. பேருந்துகள் நின்றன, ஓடின, மறுபடி நின்றன. மேட்டுப்பாளையம்–கோவை பாசஞ்சர் ரயிலும் நின்றது. ஒரு சின்னத் திருட்டு வழக்கில் பெயில் கிடைத்த மனிதர் வெளியே வர என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். சில உத்தரவுகளில் அவர்களில் ஒருவர் ரத்த உறவாகவும் இருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாவற்றுடனும் இருவரும் நீதிமன்றத்துக்கு நேரில் வர வேண்டும். அலுவலர் சரிபார்த்து, மாஜிஸ்திரேட் ஏற்றுக்கொண்டு, விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேருந்து தேவை. பேருந்து இல்லாத மாதங்களில், பெயில் கிடைத்த பிறகும் சிறையில் இருக்க ஒரு பாவமும் செய்திருக்க வேண்டியதில்லை. ஊர் தூரமாக இருந்தால் போதும்.

அப்படியே வெளியே வந்தாலும் கண்டிஷன் பெயில். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ஊரடங்கில் வெளியே வருவதே குற்றம். கையெழுத்துப் போடப் போகாமல் இருப்பதும் குற்றம். போலீஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் போலீஸுக்கே விளக்கம் சொல்ல வேண்டிய நிலை.

உத்தரவு சிறைக்குப் போய்ச் சேருவதில் உள்ள தாமதம் நாடு முழுக்க உள்ள நோய். ஆக்ரா சிறையில் விடுதலை உத்தரவு வந்த பிறகும் கைதிகள் வெளியே வர முடியாமல் இருந்ததை அறிந்து, 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தானாகவே அந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. உத்தரவு கொண்டுவரும் புறாக்களுக்காக இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா வேதனைப்பட்டார். உச்ச நீதிமன்ற உத்தரவுகளை மின்னணு வழியில் நேராக அனுப்பும் ‘ஃபாஸ்டர்’ முறை 2022 மார்ச் 31 அன்றுதான் தொடங்கியது. தொற்றின் மூன்று அலைகளும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தன.

எழுதிய வழக்கும் தள்ளிய வழக்கும்

ஊரடங்கை மீறியவர்கள் மீது போடப்பட்ட வழக்குகளை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சட்டம் 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாய் பிளேக்குக்காக வெள்ளையர் அரசு அவசரமாக இயற்றியது. பிளேக் கோவையையும் உலுக்கியது. நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது. அதை மீறினால் அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ஆவது பிரிவின்படி தண்டனை: அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

ஆனால், 188-இல் போலீஸ் போடும் எப்.ஐ.ஆர். நீதிமன்றத்தில் நிற்காது. உத்தரவிட்ட அரசு அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்துமூலம் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள முடியும் என்பது அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-ஆவது பிரிவு. இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பில், காவல் துறைக்கு வழிகாட்டு நெறிகளோடு விளக்கியிருந்தது. அதற்குப் பிறகும் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் வழக்குகள் குவிந்தன. லட்சக்கணக்கில் இருசக்கர வாகனங்கள் பறிமுதலாகிக் காவல் நிலைய வாசல்களில் வெயில் காய்ந்தன. 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், கடையநல்லூர் பிரச்சாரத்தில் அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி அறிவித்தார்: ஏறத்தாழ 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும். வன்முறை, முறைகேடாக இ-பாஸ் பெற்றது, போலீஸைப் பணி செய்யவிடாமல் தடுத்தது போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

வழக்குகளைக் கைவிட்டது சரி. ஆனால், 10 லட்சம் எப்.ஐ.ஆர்.களை எழுதிய கைகள் யாருடையவை? வீட்டுக்குள் அடைபட்ட பெண்ணின் புகாரையும், நின்றுபோன விசாரணைக்குச் சாட்சியையும் கவனிக்க வேண்டிய அதே காவலர்களின் கைகள்தான் அவை. தண்டனையில் முடியாது என்று முன்பே தெரிந்த வழக்கை எழுதுவது, ஆளை அலைக்கழிக்க மட்டுமே உதவும். தமிழ்நாடு அரசே இதைத் தாமதமாக உணர்ந்தது. 2020 செப்டம்பரில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய் என்று அங்கேயே அபராதம் வசூலிக்கும் வழியைக் கொண்டுவந்தது. மார்ச்சில் வந்திருக்க வேண்டிய திருத்தம் அது. சாத்தான்குளத்தில் ஒரு ரசீதோடு முடிந்திருக்க வேண்டிய விவகாரம் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறுபது நாள் கணக்கு

சமயநல்லூர் வழக்குக்கு வருவோம். 2013-இல் பதிவான ஒரு திருட்டு வழக்கில், 2020 பிப்ரவரி 21 அன்று ஒருவர் கைதாகி மதுரை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். முதல் ரிமாண்ட் நாளிலிருந்து 60 நாளுக்குள், கடும் குற்றமென்றால் 90 நாளுக்குள், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் கைதிக்குப் பெயில் உரிமையாகவே கிடைக்கும். 73 நாள் ஆகியும் குற்றப்பத்திரிகை வரவில்லை. அவர் உரிமையைக் கேட்டார். போலீஸ் தரப்பு, உச்ச நீதிமன்றத்தின் 2020 மார்ச் 23 உத்தரவைக் காட்டியது. வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடுக்களை மார்ச் 15 முதல் நீட்டித்த உத்தரவு அது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், சில நாள்களுக்கு முன் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இன்னொரு வழக்கில், அந்த நீட்டிப்பு போலீஸ் விசாரணைக்குப் பொருந்தாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். வேறொரு நீதிபதி அதை ஏற்காமல், சமயநல்லூர் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஒரே கட்டிடம், ஒரே சட்டம், இரண்டு பதில்கள். மனுவை யார் விசாரிக்கிறார் என்பதைப் பொறுத்து ஒருவரது சுதந்திரம் அமைந்தது. அசோக் பூஷண், எம்.ஆர். ஷா, வி. ராமசுப்பிரமணியன் அமர்வு ஜூன் 19 அன்று அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. மனுதாரர்களும் வழக்கறிஞர்களும் அல்லலுறாமல் இருக்கக் கொடுத்த சலுகையை, சிறையில் இருப்பவருக்கு எதிராகத் திருப்ப முடியாது. நெருக்கடிநிலைப் பிரகடனத்தில்கூட உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையைத் தொட முடியாது என்னும்போது, ஊரடங்கு அதை எப்படித் தொடும் என்று கேட்டது.

இங்கிலாந்து எடுத்த முடிவு வேறு. அங்கே 2020 செப்டம்பரில், விசாரணைக் கைதியைக் காவலில் வைக்கும் வரம்பை 182 நாளிலிருந்து 238 நாளாக அரசு தற்காலிகமாக உயர்த்தியது. அதோடு, நீதிமன்ற நெரிசலைக் குறைக்க ‘நைட்டிங்கேல் நீதிமன்றங்கள்’ என்ற பெயரில் தற்காலிக இடங்களிலும் விசாரணை நடத்தியது. காவல் நாளை நீட்டித்த நாடு விசாரணைக்கு இடமும் தேடியது. நாம் காவல் நாளை நீட்டிக்க மறுத்தோம், அது நமக்குப் பெருமை. இடம் தேடினோமா?

நின்றுபோன சாட்சிகள்

தொற்றுக் காலத்தில் காகிதத்தில் முடிகிற வேலைகள் நடந்தன. ஆள் வந்து நிற்க வேண்டிய வேலைகள் நின்றன. உடுமலைப்பேட்டை சங்கர் ஆணவக் கொலை வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 22 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பை வழங்கியது. முதல் எதிரி விடுதலையானார். ஐந்து பேரின் தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. அந்தத் தீர்ப்பு சரியா என்பது தனி விவாதம். வாதங்கள் ஊரடங்குக்கு முன்பே முடிந்திருந்ததால் அது வர முடிந்தது. அதற்கு ஓராண்டு முன்பு, 2019 ஜூன் 25 அன்று, காரமடைக்கு அடுத்த ஊரான மேட்டுப்பாளையத்தில் சாதி கடந்து இணைந்த ஓர் இளம் ஜோடி வெட்டப்பட்டது. இளைஞர் அங்கேயே இறந்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்தப் பெண் சில நாளில் மருத்துவமனையில் இறந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடியவரை இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். கோவை சிறப்பு நீதிமன்றத்தின் தண்டனை உத்தரவு 2025 ஜனவரி இறுதியில் வந்தது. இளைஞரின் அண்ணனுக்குத் தூக்கு. மற்ற மூவர் விடுதலை.

இரண்டு மாதம் ஐந்தரை ஆண்டாக நீண்டதை முழுக்கக் கரோனாவின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால், கணக்கைப் பாருங்கள்: மகளை இழந்த குடும்பம் ஐந்தரை ஆண்டு காத்திருந்தது, குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்ட மூவரும் அதே ஐந்தரை ஆண்டு கொலை வழக்கோடு வாழ்ந்தார்கள். தாமதம் இரு தரப்பையும் தண்டித்தது. 2019 பிப்ரவரியில் புகாரான பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கிலும் கோவை மகளிர் நீதிமன்றத் தீர்ப்பு 2025 மே 13 அன்றுதான் வந்தது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள். சாட்சிகள் ஒருவரும் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு பெருமைப்பட்டது. அந்தப் பெருமை முழுக்க அந்தப் பெண்களுக்கே சேர வேண்டும்.

வீடியோவில் நடத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். 2020 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றம் காணொலி விசாரணைக்கு வழி திறந்தபோது ஒரு வேலியும் போட்டது: வாதங்களை வீடியோவில் கேட்கலாம், இரு தரப்பும் சம்மதிக்காமல் சாட்சியம் பதியக் கூடாது. இது தேவையான வேலி. சிங்கப்பூரில் என்ன நடந்தது என்று பார்த்தால் புரியும். 2020 மே மாதம், போதைப்பொருள் கடத்தல் வழக்கில், தமிழ்ப் பெயர் கொண்ட மலேசியர் ஒருவருக்கு ‘ஜூம்’ வழியாக மரண தண்டனை அறிவிக்கப்பட்டது. உலகமே அதிர்ந்தது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விடுதலைக்குக் காரணம் ‘ஜூம்’ அல்ல, சாட்சியத்தின் பலவீனம். ஆனாலும், ஒரு மனிதரின் உயிர் குறித்த முடிவைக் கைபேசி அளவுத் திரையில் சொல்லிவிடத் துணியும் அவசரத்துக்கு அது எச்சரிக்கை.

இடைப்பட்ட வழி ஒன்று இருந்தது. சாட்சியை அவர் வீட்டுக் கைபேசியிலிருந்து பேசவைக்காமல், அருகிலுள்ள நீதிமன்ற வளாகத்திலேயே ஓர் அறையில், ஒரு நீதிமன்ற அலுவலரின் கண்முன் உட்காரவைத்துப் பதியலாம். யாரும் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க முடியாது; மிரட்டவும் முடியாது. காரமடைச் சாட்சி கோவைக்கு வர வேண்டாம், மேட்டுப்பாளையம் வந்தால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, மாநில அரசு அறிவிக்கும் இடங்களில் ஒலி-ஒளி வழியாகச் சாட்சியம் பதிய இடம் தருகிறது. சட்டம் வந்துவிட்டது, தாலுகா அளவில் அறையும் இணையமும் ஆளும் வர வேண்டும்.

எண்கள் சொல்வது

சிறை நெரிசலைக் குறைக்க உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்றே மாநிலங்களுக்கு உயர்நிலைக் குழு அமைக்கச் சொன்னது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளின் கைதிகளை இடைக்கால பெயிலிலும் பரோலிலும் விடலாம் என்றது. பல்லாயிரம் பேர் வெளியே வந்தார்கள். ஆனால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. 2019-இல் இந்தியச் சிறைவாசிகளில் விசாரணைக் கைதிகள் 69 சதவீதம், 2020-இல் 76, 2021-இல் 77. அந்த மூன்றாவது ஆண்டில் அவர்களின் எண்ணிக்கை 4.27 லட்சம். கைதிகளை விடுவித்த காலத்திலேயே விசாரணைக் கைதிகளின் பங்கு ஏறியது. உள்ளே வருவது நிற்கவில்லை, தீர்ப்பு வந்து வெளியேறுவது நின்றது என்பதைத் தவிர இதற்கு வேறென்ன விளக்கம்?

நீதிமன்றத்தைத் திறந்துவைத்து எல்லோரையும் தொற்றுக்குப் பலி கொடுத்திருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 2021 மே இறுதியில் கோவை மாவட்டத்தின் அன்றாடத் தொற்று சென்னையையே மிஞ்சியது. வழக்கறிஞர்கள், நீதிமன்றப் பணியாளர்கள், போலீஸார் என்று பலரை இழந்தோம். இளம் வழக்கறிஞர்கள் பலருக்கு வருமானம் அற்றுப்போனது. நெரிசலான நீதிமன்ற வராந்தாவைத் திறக்கச் சொல்லவில்லை. வெளிவாசலைச் சாத்தும்போது நுழைவாசலையும் ஒடுக்கியிருக்க வேண்டும் என்பதே வாதம். விசாரிக்க முடியாத காலத்தில் கைது குறைய வேண்டும். ரிமாண்ட் கடுமையாக ஆராயப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, முதல் ரிமாண்ட் எந்தக் காலத்திலும் நேரில்தான். மாஜிஸ்திரேட் கைதியை அருகில் அழைத்து, ‘அடித்தார்களா?’ என்று கேட்டு, உடலைப் பார்த்து, கேட்டதைக் கையால் எழுத வேண்டும். காவல் நீட்டிப்பை வீடியோவில் செய்யலாம். முதல் நாளை அப்படிச் செய்யக் கூடாது. சாத்தான்குளத்தில் மதுரைக் கிளை தானாக வழக்கெடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை விசாரணைக்கு அனுப்பி, தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்ன பிறகுதான் உண்மை வெளிவந்தது. அத்தனையும் முதல் ரிமாண்டில் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது, 60-ஆவது, 90-ஆவது நாள் வந்ததும், பெயில் உரிமை கிடைத்துவிட்டதைச் சிறை நிர்வாகமே கைதிக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாத கூலித் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு தெரிய வாய்ப்பில்லை.

மூன்றாவது, தொற்று விதி மீறலுக்கு அபராத ரசீது போதும், எப்.ஐ.ஆர். கூடாது. நான்காவது, பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட காலத்தில் ஜாமீன்தாரர் நேரில் வருவதும் தினசரிக் கையெழுத்தும் தாமாகவே தளர வேண்டும். ஐந்தாவது, சிறையில் இருப்போரின் வழக்கு, குழந்தைகள் மீதான குற்றம், வன்கொடுமை வழக்கு ஆகியவற்றைத் தனிப் பட்டியலிட்டு, பள்ளி, சமுதாயக்கூடம் என்று காற்றோட்டமான எந்த இடத்திலாவது சாட்சி விசாரணை நடக்க உயர் நீதிமன்றம் இப்போதே விதி வகுக்க வேண்டும்.

ஊரடங்கு அரசாணைகளில் பாலும் மருந்தும் அத்தியாவசியம். காவல் துறையும் அத்தியாவசியம். கைது அத்தியாவசியப் பணி என்றால், பெயிலும் விசாரணையும் அதே அளவுக்கு அத்தியாவசியப் பணிகள். அடுத்த அரசாணையில் அந்த வரி இருக்க வேண்டும். அதை எழுத வேண்டிய நேரம், தொற்று இல்லாத இந்த நேரமே.